தர்பூசணிப் பாலம்

கொழுந்தியாள் வாயைத் திறப்பதற்குள் பழத்தை நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் கோனிட்ஸ் நகரில் விருந்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வந்தவுடன் ஒரு கரண்டி பழப்பாகு, ஒரு குவளைத் தண்ணீர். பிறகு காபி. பேச்சு, கோரிக்கை, சம்பந்தம், சண்டை எல்லாம் காபியோடுதான். கடைசியில் பழத்தட்டு. அது வந்துவிட்டால் விருந்தாளி இரண்டு துண்டு தின்றுவிட்டுச் செருப்பைத் தேட வேண்டும். அதற்குமேல் எதையும் கேட்பது மரியாதை ஆகாது. ஆற்றின் அக்கரையில் பழத்துக்குப் பின்னும் ஒரு காபி உண்டு என்பார்கள். அந்தப் பாடபேதத்தை நான் ஏற்பதில்லை.

கொழுந்தியாள் ஹஸ்னியா கேட்கவிருந்தது என் அறையை. அவள் மகனுக்கு எங்கள் தெருவிலுள்ள மரச்செதுக்குப் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. அதைக் கொண்டாட என் மனைவி நஃபியா ஒரு விருந்துக்கு அழைத்திருந்தாள். பையனுக்குத் தங்க இடம் வேண்டும். வீட்டில் ஒதுக்கக்கூடியதோ வடக்குப் பார்த்த என் அறை ஒன்றுதான். ஒரே கதையை ஊர் ஊராகப் போய்ப் பல வாய்களில் கேட்டுப் பதிந்த ஒலிநாடாக்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. குறுக்கே யாரும் பேசாமல் நான் உட்காரக்கூடிய ஒரே இடமும் உலகில் அதுதான்.

ஆகவே, பழம் முழுவதும் என் பொறுப்பு என்று அறிவித்தேன். வெறும் ஆப்பிள் துண்டு என்றால் கடைசிவரை காத்திருக்கச் சொல்வார்கள். கலைப்படைப்பு என்றால் வாடுவதற்குள் பார்த்தாக வேண்டும். முதல் காபியிலேயே காட்டிவிடலாம். தர்பூசணியைக் குடைந்து எங்கள் ஊர்க் கல்பாலம். அதன் அடியில் ஆறாகப் பச்சைத் திராட்சை. கரை நெடுகக் கீறி மலர்த்திய அத்திப்பழம். பீச் பழத்தில் படகுகள்.

நஃபியா எதிர்த்திருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவள் பாராட்டினாள். மணமான நாள்முதல் அவள் என்னைப் பாராட்டியது அதுவே முதல் முறை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

"சமையக்கட்டுல அடுப்பு எரியுது, பாலம் வெந்துபோயிடும். உங்க அறைதான் குளுகுளுன்னு இருக்கு. அங்கயே வச்சு செய்யுங்க," என்றாள்.

நியாயம். மேசைமேல் இருந்த தாள்களை அகற்றினேன். மறுநாள், அலமாரித் தூசி அத்திப்பழத்தில் விழும் என்றாள். அலமாரி வெளியேறியது. இனிப்புக்கு வரும் எறும்பு ஒலிநாடாவில் குடியேறும் என்றாள். பெட்டிகளைத் தோட்டத்துக் கொட்டகைக்குச் சுமந்தேன். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

"பழம் வாசத்த இழுக்கும். இத்தன வருஷமா நீங்க ஊதின புகை அவ்வளவும் இந்தச் சுவத்துலதான் இருக்கு. முதல் துண்ட வாயில போட்டதும் என் தங்கச்சி இருமப் போறா."

சுண்ணாம்பு அடித்தேன். நானே, ஏணியில் நின்று. மூலையில் விட்டுப்போன இடங்களை அவள் கீழிருந்து சுட்டிக்காட்டினாள். இக்கதையை என் சகலை ரெஷாத் சொல்லும்போது நான் ஏணியிலிருந்து விழுகிறேன். அது பிற்சேர்க்கை.

விருந்தன்று முதல் காபி கோப்பையில் இறங்கியதும் அறைக்கதவைத் திறந்தேன். அனைவரும் உள்ளே வந்தார்கள். ரெஷாத் பாலத்தை விட்டுத் தள்ளி, சுவரோரமாகக் கைகளை விரித்து விரித்து நடந்தான். படைப்பின் பிரம்மாண்டத்தை அளக்கிறான் என்று பூரித்தேன். ஹஸ்னியா மூச்சை இழுத்து, துளி வாசம்கூட இல்லை என்று மகிழ்ந்தாள். பழத்துக்கு அது குறையாயிற்றே என்று சற்று வருந்தினேன். அவள் மகன் சன்னலைத் திறந்து பார்த்தான், மூடிப் பார்த்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாலத்தில் இரண்டு வளைவுகளைத் தின்றார்கள்; செருப்பைத் தேடினார்கள்; போய்விட்டார்கள்.

வென்றவன் போல அறை நாற்காலியில் சாய்ந்தேன். ஈக்களை விரட்டிக்கொண்டிருந்த நஃபியாவிடம் சொன்னேன்:

"இந்த அறையப் பத்தி உன் தங்கச்சி வாயே தொறக்கல, பாத்தியா?"

"எதுக்குத் தொறக்கணும்? போன வாரமே கேட்டுட்டா. நானும் சரின்னுட்டேன். இன்னிக்குக் கட்டில எங்க போடலாம்னு பாக்க வந்தாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டிருந்தா காலி பண்ணிக் குடுத்திருப்பீங்களா? அதுவும் வெள்ளையடிச்சு?"

"அப்ப நான் எங்க போறது?"

"உங்க பெட்டியெல்லாம் எங்க போச்சோ, அங்க. கொட்டகைல யாரும் குறுக்க பேச மாட்டாங்க."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. வாயெடுத்தேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், தோல் சீவி நறுக்கிய ஆப்பிள் ஒரு தட்டு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

இரண்டு துண்டு தின்றுவிட்டுச் செருப்பைத் தேடினேன்.