நாலு கிராம் பதக்கமும் முப்பத்திரண்டு கிலோ கொடியும்

பிப்ரவரி இரண்டாம் தேதி, சாப்பாட்டு மேசைமேல் கை வைத்து என் வீட்டுக்காரர் எர்வே ஒரு தீர்மானம் செய்தார். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த மோட்டார் வண்டியின் முகத்திலும் விழிக்க மாட்டாராம். எங்கள் ஊர் போந்திவியில், பாலத்துக்குக் கீழே இறங்கினால் பிளாவே ஆற்றங்கரைச் சரளைப் பாதை. கார் கிடையாது, லாரி கிடையாது. ஆறு, மரம், நாரை, அவர். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடம் மின்கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்ற மனிதர். ஆசைப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

சைக்கிள் வந்தது. சரளைக்கென்றே செய்ததாம். அன்றோடு என் மாவுத் தராசு என் கையை விட்டுப் போயிற்று. தண்ணீர்ப் பாட்டிலை நிறுத்தார். கைக்குட்டையை நிறுத்தார். மணியைக் கழற்றி, முப்பது கிராம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். கடைசியில் இருக்கைக்கு அடியில் நான் நூலால் கட்டிவைத்திருந்ததையும் கண்டுபிடித்துவிட்டார்.

“அனயிக், என்ன இது?”

“மாதா பதக்கம். வழித்துணைக்கு.”

“நாலு கிராம்.”

“மாதா உங்களுக்கு அவ்வளவு பாரமாவா இருக்கா?”

“ஏத்தத்துல தெரியும்.”

“ஆத்தோரத்துல ஏதுங்க ஏத்தம்?”

“மதகுக்கு மதகு ஒரு ஏத்தம் இருக்கு. உனக்கு அதெல்லாம் புரியாது.”

படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள் எங்கள் ஆற்றில் வரிசையாக உண்டு. அந்த ஏற்றம் எங்கள் வீட்டு வாசற்படி உயரம்கூட வராது. அவர் கழற்றினார். நான் மறுபடி கட்டினேன். இது வாராவாரம் நடந்தது.

ஜூன் மாதம் நெருங்கியதும் நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதாவது மதகுக்குப் பக்கத்தில் எங்கள் மாதா சிற்றாலயம். மூன்றாவது ஞாயிறு திருவிழா. பவனியின் முன்னால் போகும் மாதா கொடி முப்பத்திரண்டு கிலோ. சிவப்பு வெல்வெட்டு, ஜரிகை, மேலே வெள்ளிச் சிலுவை. இதுவரை தூக்கியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்த வருடம் ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் அக்கரைக் கோயில் பங்குக்காரர்கள் வந்து தூக்கித் தருவார்களாம். எங்கள் கொடியை, எங்கள் கண் முன்னால். நினைத்தாலே ஜெபம் பாதியில் நின்றுபோகும்.

எங்கள் பங்கில் அதைத் தூக்கக்கூடிய தோள் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அது என் சமையலறையில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது.

பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் ஆப்பிள் மது ஊற்றி வைத்தேன்.

“எர்வே, நீதான் கைகொடுக்கணும்.”

“ஞாயித்துக்கெழம எனக்கு சைக்கிள் இருக்கு சாமி.”

“சைக்கிள் எங்கயும் ஓடிப்போகாதே.”

“அத ஓட்டத்தானே சாமி வாங்கியிருக்கேன்.”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தட்டைத் துடைத்தபடியே மெதுவாகச் சொன்னேன்.

“நானும் திருவிழாவுக்கு ஆத்தோரமா சைக்கிள்லதான் போகப்போறேன் சாமி.”

எர்வே சிரித்தார். “உன் சைக்கிள்லயா? கூடை வச்ச அந்தக் கட்டில்லயா? ரெண்டு கோழியப் பூட்டினா அதவிட வேகமாப் போகுமே.”

“எனக்கு முன்னால நீங்க போயிடுவீங்களா?”

“நீ மூணாவது மதகு தாண்டுறதுக்குள்ள நான் ஒன்பதாவதுல தூங்கி எழுந்திருப்பேன்.”

“ஒருவேள நான் முன்னால போயிட்டா?”

“நீ முன்னால போயிட்டா, அந்தக் கொடிய நானே தூக்குறேன். சாமி சாட்சி.”

“சரிங்க. நான் தோத்துட்டா?”

“இந்தப் பதக்கம் என் சைக்கிள்ல ஏறக் கூடாது. கோயில் பேச்சும் எங்கிட்ட பேசக் கூடாது. எப்பவும்.”

எப்பவும் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை எட்டரைக்குப் பாலத்தடியிலிருந்து சேர்ந்தே கிளம்பினோம். அவர் அம்பு மாதிரி போனார். சரளை தெறிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. என் கூடையில் வெண்ணெய்க் கேக், குடை, ஜெபமாலை. ஒரு கையில் மணி உருட்டியபடி நான் பாட்டுக்குப் போனேன்.

முதல் மதகு வீட்டு வாசலில் இவோன் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், தரையில் மண்டி போட்டு என் வீட்டுக்காரர்.

“ஏன் எர்வே, டயர் இவ்வளவு குண்டா இருக்கே?”

“குண்டு இல்ல இவோன். நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர். இப்ப நீ நினைப்ப, காத்து நெறைய அடிச்சா வேகமாப் போகும்னு. அதான் தப்பு.”

“அப்படியா? ஏன் தப்பு?”

நான் பக்கத்தில் போனதும் அவர் நிமிராமலே கையை ஆட்டினார். “போ, போ. வந்து பிடிச்சிடுறேன்.”

பிடித்தார். இரண்டாவது மதகுக்கு முன்னால் என்னைத் தாண்டிப் பறந்தார். இரண்டாவது மதகில் மரிவோன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் தலைகீழாக நின்றது.

“உள்ளே டியூபே இல்லையா? காத்து எப்படி நிக்குது?”

“அப்படிக் கேளு. உள்ள பால் மாதிரி ஒண்ணு ஊத்தியிருக்கு. முள்ளு குத்தினா அதுவே அடைச்சுக்கும்.”

“எந்தப் பால்?”

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மதகு வீடுகளில் இருக்கும் ஆறு பேரும் எங்கள் வியாழக்கிழமை ஜெபமாலைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள். நான் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஞாயிறு காலை வாசலில் உட்காருங்கள், எர்வே வந்தால் டயரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன். மீதியை மாதாவிடமும் எர்வேயிடமும் விட்டுவிட்டேன். இரண்டு பேருமே என்னைக் கைவிடவில்லை.

நாலாவது மதகில் காற்றழுத்தப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் ஈரச் சரளைக்கும் காய்ந்த சரளைக்கும் உள்ள வித்தியாசம். ஏழாவதில் அவர் ஒரு குச்சியால் மண்ணில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் என்னைத் துரத்திப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாசலில் நின்றார். ஐந்தாவது தடவை தாண்டும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு ஜெபமாலையில் நாலாவது ஐம்பது மணி நடந்துகொண்டிருந்தது.

எட்டாவது மதகில் அர்மெல். எண்பத்திரண்டு வயது. நாற்காலியில் சாய்ந்து, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எர்வே முகத்தில் அப்படி ஒரு ஒளி. எங்கள் கல்யாணத்தன்று பார்த்தது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. மணி அடிக்காமல் நழுவிப் போனேன்.

சிற்றாலயச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து, கேக்கைப் பந்தலில் கொடுத்து, ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் வந்தார். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினாலு நிமிஷம் பிந்திட்ட, எர்வே.”

அவர் என்னைப் பார்த்தார். என் சைக்கிளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மனிதர் சொன்ன சொல் மாறமாட்டார், அதை நான் எங்கேயும் சொல்வேன். கொடி தாங்கும் தோல் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். முட்டி தெரிய சைக்கிள் கால்சட்டையோடேயே நின்றார்.

எங்கள் சிற்றாலய வாசல் தாழ்வு. கொடியைப் பிடித்தவர் அதைத் தரைக்கு ஒரு சாண் உயரம்வரை சாய்த்து வெளியே கொண்டுவந்து, தனியாகவே நிமிர்த்த வேண்டும். சிலுவை மண்ணில் பட்டால் அடுத்த வருடம்வரை ஊர் பேசும். அக்கரைப் பங்குக்காரர்கள் கைகட்டி முன்வரிசையில் நின்றார்கள். உதவிக்கு வந்தவர்களாம்.

கொடி சாய்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சாண், அரைச் சாண். நான் கண்ணை மூடவில்லை. பிறகு மெல்ல, மரக்கிளைகளுக்கு மேலே வெள்ளிச் சிலுவை எழுந்தது. காற்றில் வெல்வெட்டு படபடத்தது. அக்கரைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நாலு கிராமுக்கு நாலு மாதம் சண்டை போட்ட மனிதர், முப்பத்திரண்டு கிலோவை ஆற்றங்கரை முழுக்கச் சுமந்து போனார். பக்கத்தில் நின்றவள் “யார் அது?” என்றாள். “எங்க வீட்டுக்காரர்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மாலையில் வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே அவர் பேச்சைத் தொடங்கினார். இருக்கைக்கு அடியில் பதக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சுற்றித் துடைத்தார்.

“அடுத்த வருஷமும் நான்தான் தூக்கணும்னு சாமி சொல்றார். பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்.”

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

“தோத்தது எனக்கு வருத்தமே இல்ல அனயிக். ஜனங்களுக்குக் கத்துக்கணும்னு எவ்வளவு ஆசை பாரு. அதுலயும் அந்த அர்மெல். இருபது நிமிஷம் குறுக்க ஒரு வார்த்த பேசல. எல்லாம் புரிஞ்சுது அவளுக்கு. வியாழக்கெழம உங்க கூட்டத்துக்கு வந்து இன்னும் விரிவாச் சொல்லட்டுமா?”

பொய் சொல்ல எனக்கு வராது. அவர் மனம் நோகவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் வியாழக்கிழமை ஜெபமாலையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

“என்னங்க, நீங்க தூரத்துல வர்றப்பவே அர்மெல் காது மிஷினக் கழட்டிப் பையில போட்டுட்டாளாம்.”