ஏன் டீச்சர் மீது நான் கொடுத்த புகார்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, உன் மருமகள் மூவரும் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. போன கடிதத்தில் நீ என்னைத் திட்டியிருந்த வேகத்திலேயே உடம்பு நன்றாக இருப்பது தெரிந்துபோயிற்று. அத்தானுக்கு என் வணக்கம். அவர் வழக்கம்போல் பேசாமல்தான் இருப்பார் என்று நம்புகிறேன்.

"பொண்ணைப் பத்தி நாலு வரி எழுதக்கூட உனக்குக் கூச்சமாடா?" என்று கேட்டிருந்தாய். நாலு வரியில் அடங்குகிற சமாச்சாரமாக இருந்தால் என்றைக்கோ எழுதியிருப்பேன். இப்போதுதான் மூச்சுவிட நேரம் வந்திருக்கிறது. முழுதாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நம் வீட்டுக்கென்று வைத்திருந்த வாய் மொத்தத்தையும் நீயே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாய், எனக்கு மிச்சமில்லை. பேருந்தில் 'இறங்கணும்' என்று சொல்ல நா எழாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, காற்று வாங்க வந்தவன் மாதிரி நடந்து திரும்புகிறவன் நான். கண்ணாடிக் கடையில் சேர்ந்தபோதும் வாடிக்கையாளர் முன்னால் நிற்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த இயந்திரம் போடும் சத்தத்தில் எவனும் என்னிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. உன் மருமகளோ என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். பன்னிரண்டு வயதாகியும் வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்க் கதவோடு கதவாகிவிடுவாள். போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, 'தங்கள் மகள் பத்தொன்பது நாட்களாக வகுப்புக்கு வரவில்லை' என்று. ஒரு நாள் தவறாமல் போய் வந்தவள், அக்கா! வருகைப் பதிவில் பெயர் கூப்பிடும்போது இவள் சொல்லும் 'உள்ளேன்' இவளுக்கே கேட்காதாம். அந்த ஆசிரியர் தலையைக்கூட நிமிர்த்தாமல் 'வரவில்லை' என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார். நியாயம் கேட்க நானே கிளம்பிப் போனேன். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நாற்பது நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினேன். "என்ன சொன்னாரு?" என்று என் மனைவி கேட்டாள். "ரொம்ப வேலையா இருக்காரு" என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் கணக்குக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். பிள்ளைகள் வைத்த பெயர் ஏன் டீச்சர். விடை தப்பாக இருந்தாலும் 'ஏன்?' என்பாராம், சரியாக இருந்தாலும் 'ஏன்?' என்பாராம். 'நீங்கதானே டீச்சர் சொன்னீங்க' என்றால், "நான் சொன்னதால சரியாயிடுமா?" என்பாராம். வருகைப் பதிவுக்கு அவர் பெயரே கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் குறித்துக்கொள்வார். உன் மருமகள் இந்த வருஷம்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு 'வந்தாள்' என்று சொல்லவேண்டும்.

இரண்டு மாதத்தில் வீட்டில் கோளாறு ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் என் மனைவி, "மழை வரும், குடை எடுத்துட்டுப் போ" என்றாள். வழக்கமாகத் தலையை ஆட்டுகிற பெண், "ஏம்மா அப்படி நினைக்கிறே?" என்று கேட்டாள். எங்கள் இருவர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்! என் மனைவி ஓடிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். பெண் குடை எடுத்துக்கொண்டுதான் போனாள். ஆனால் வாசலில் நின்று வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு சாயங்காலம் எனக்காகக் கடையின் முன்பக்கப் பெஞ்சில் காத்திருந்தாள். கண் சோதிக்கிற எழுத்து அட்டை அந்தப் பெஞ்சுக்கு நேர் எதிரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் மாட்டியிருக்கிறது. பல வருஷமாக அங்கேயேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் முறை வந்ததும் தூரத்து நாற்காலிக்குப் போய், மேலிருந்து கடைசி வரி வரை மளமளவென்று சொல்லிவிட்டார். முதலாளி, "அடேயப்பா, உங்க கண்ணு இருபது வயசுக் கண்ணு!" என்று பாராட்டினார். அப்போது ஒரு குரல்: "அங்கிள், அவர் படிக்கல. ஒப்பிக்கிறார்."

"யாரும்மா நீ?"

"பின்னாடி லென்ஸ் தேய்க்கிறவரோட பொண்ணு."

என் போதாத காலம், அந்த நேரம் பார்த்து இயந்திரம் நின்றிருந்தது. முதலாளி அட்டையைத் திருப்பி வேறு எழுத்துகளைக் காட்டினார். பெரியவருக்கு மூன்றாவது வரியே தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் பழைய வாடிக்கையாளர்கள் நாலு பேர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கும் மறுபடி பாருங்க, நானும் ஒப்பிச்சவன்தான்" என்று வந்து நின்றார்கள். முதலாளி என்னைத் திரும்பி ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே வேலை போய்விட்டதாக நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தக் கலக்கத்தோடு வீட்டுக்கு வந்து, மகளின் கணக்கு நோட்டுக்கு அட்டை போட உட்கார்ந்தால், உள்ளே ஒரு கணக்கு: 'மூன்று பேர் ஆறு நாளில் முடிக்கும் வேலையை ஆறு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? விடை: பன்னிரண்டு.' எங்கள் கடையில் அப்படித்தான் நடக்கும் என்றாலும் கணக்குப்படி மூன்று நாள் அல்லவா! "யாரு போட்டது?" என்றேன். "டீச்சர்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு அவ்வளவு தூரம்தான் போகும்.

வாயால் சொல்ல முடியாததை எழுதித் தீர்த்துக்கொள்ளும் என் பழக்கம் உனக்குத் தெரியும். அன்றே தலைமையாசிரியருக்கு மூன்று பக்கம் புகார் எழுதினேன், 'கணக்குத் தெரியாதவர் கணக்கு நடத்தலாமா' என்று. கீழே பெயர் போடாமல் 'கவலையுள்ள ஒரு தகப்பன்' என்று மட்டும் போட்டேன். விஷயம் எப்படியோ பரவி, மற்ற பெற்றோர்களும் நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் என்று தகவல் வந்தது.

வகுப்பறையிலேயே கூட்டம். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். தலைமையாசிரியர் என் புகாரை உரக்கப் படித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "இதை எழுதினவர் யாருங்க?" என்றார். நான் தரையில் எதையோ தேடினேன். ஏன் டீச்சர் கரும்பலகை ஓரமாக நின்று, "தப்பாப் போட்டது நான்தான் சார். வேணும்னேதான் போட்டேன்" என்றார். அவ்வளவுதான், ஒரே கூச்சல். முடிதிருத்துகிறவர் ஒருவர், "வேணும்னே நான் ஒரு பக்கம் மட்டும் வெட்டி அனுப்பினா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். தலைமையாசிரியர், "அப்படின்னா இந்த வகுப்பை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். டீச்சரின் முகம் வெளுத்தது. வேலை போய்விடும் என்று நான் பயந்தது என்னைப் பற்றி, போகப்போவது அவருடைய வகுப்பு.

"சார், நான் பேசலாமா?"

வாசலில் உன் மருமகள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது, என் கால்தானே அது. ஆனால் குரல் நடுங்கவில்லை. திங்கட்கிழமை தோறும் டீச்சர் ஒரு கணக்கை மட்டும் தப்பாகப் போடுவாராம்; எது என்று சொல்ல மாட்டாராம். கண்டுபிடித்தவர்கள் காரணத்தை எழுதி, பெயர் போடாமல் டப்பாவில் போடவேண்டும். வெள்ளிக்கிழமை அவர் சீட்டுகளைப் படித்துவிட்டு, "எனக்கு இன்னும் புரியல, யாராவது வந்து விளக்குங்க" என்று சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருப்பாராம். பாடவேளை முழுக்கக் காத்திருந்த நாளும் உண்டாம். இவள் முதல் வாரம் கரும்பலகையைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கினாளாம். அடுத்த வாரம் பாதி திரும்பினாளாம். முழுதாகத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்றாம்.

"இப்படிப் பேசச் சொல்லி டீச்சர் அனுப்பினாங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"இல்ல சார். 'நீங்க யாரும் வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்'னுதான் சொன்னாங்க. அது சரியில்லைன்னு எனக்குத் தோணிச்சு. அதான் வந்தேன்." அதோடு விட்டாளா? "டீச்சர் மேலயும் ஒரு தப்பு இருக்கு சார். வீட்டுல எல்லாருக்கும் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம எங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடிதத்தை எழுதினது எங்கப்பாதான். அவருக்கு ரொம்ப நல்லா எழுத வரும்."

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. அக்கா, அந்த நேரத்தில் உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா? சிங்கம் மாதிரி எழுந்தேன். அறை அதிர, "ஐயா, என் பொண்ணு சொல்றது சரி. பேசவே பேசாத ஒரு குழந்தையைப் பேச வெச்சவங்க இவங்க. இவங்களை மாத்தினா நாங்க எல்லாரும் சேர்ந்து மறுபடி வருவோம்!" என்று முழங்கினேன். முடிதிருத்துகிறவர் கைதட்டினார். தலைமையாசிரியர் டப்பாவைத் திறந்து பத்துச் சீட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு, டீச்சர் இந்த வகுப்பிலேயே இருக்கட்டும், ஆனால் பெற்றோருக்கு விஷயத்தை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். டீச்சர் உன் மருமகளிடம், "நீ சொன்னது சரி, தப்பு என்னோடதுதான்" என்றார், அத்தனை பேர் முன்னால். வெளியே வரும்போது நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அவரே முந்திக்கொண்டு, "நான் ஒண்ணும் பெரிசாப் பண்ணலைங்க. அவ வாயைத் திறக்கிற வரைக்கும் நான் வாயை மூடிட்டிருந்தேன். அதுதான் கஷ்டம்" என்று சிரித்தார்.

முதலாளியும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆகவே இங்கே எல்லாம் சுபம். பல மாதம் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். உன் மருமகளுக்காகவோ எனக்காகவோ இனி நீ கவலைப்பட வேண்டாம். உனக்கும் அத்தானுக்கும் எங்கள் அன்பும், நிறைந்த ஆரோக்கியத்துக்கு எங்கள் வேண்டுதலும்.

இப்படிக்கு,
இப்போது நன்றாகப் பேசும் உன் தம்பி

பின்குறிப்பு: உறையில் போடும் முன்னால் உன் மருமகள் இதை வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்ப்பா இப்படி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். திரும்ப எழுத என்னால் ஆகாது. ஆகையால் இங்கேயே திருத்திவிடுகிறேன். நான் சிங்கம் மாதிரி எழவில்லை. எழப் பார்த்தபோது குட்டி நாற்காலி என் இடுப்போடு மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. முடிதிருத்துகிறவர் கைதட்டவில்லை, நாற்காலியைப் பிடித்து இழுத்தார். அறை அதிரவில்லை, தலைமையாசிரியர் "என்ன சொன்னீங்க?" என்று மூன்று முறை கேட்டார். 'பேசவே பேசாத குழந்தை' முதல் 'மறுபடி வருவோம்' வரை உள்ளதெல்லாம் நான் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தது. 'என் பொண்ணு சொல்றது சரி' என்பதை மட்டும் உண்மையிலேயே வாய்விட்டுச் சொன்னேன். வேறு யாருக்கும் கேட்டதா என்று தெரியவில்லை. அவளுக்குக் கேட்டதாம்.