மில்லு அண்ணாச்சியின் பதினோரு நொடி

கோவில்பட்டியில் ஒரு செய்தி பிறப்பதற்கு முன்பே அதை நாலு பேருக்கு அனுப்பிவிடக்கூடியவர் மில்லு அண்ணாச்சி ஒருவர்தான். மாவு மில் வைத்திருந்தார். கம்போ வத்தலோ அரைக்கப் போனால், பாதியில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் செல்போன் வீடியோ ஒன்றை முகத்துக்கு நேரே நீட்டுவார். பார்த்து முடித்தால்தான் மீதி மாவு.

“இது நெசமா அண்ணாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பொய்யின்னா இத்தன பேரு அனுப்புவானா?” என்றார்.

திங்கட்கிழமை ஒரு கட்சி, வியாழக்கிழமை வேறொன்று. கடைசியாக வந்த வீடியோ எதுவோ, அதுதான் அவர் கொள்கை. நாங்கள் சிரித்துக்கொண்டே மாவை வாங்கி வந்தோம்.

நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் கமலா டீச்சர் சுயேச்சையாக நின்றார். குடிதண்ணீர்க் குழாய்க்காக வருஷக்கணக்கில் மனுவோடு அலைந்தவர். ஓட்டுப்போட இரண்டு நாள் இருக்கையில், அண்ணாச்சி தன் வாட்ஸப் குழுவில் பதினோரு நொடி ஆடியோ ஒன்றைப் போட்டார். டீச்சர் குரலேதான்: “உங்க தெருவுக்குத் தண்ணி தேவையில்ல.” சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கப் பரவியது. டீச்சர் தோற்றார்.

அடுத்த வாரம் வத்தல் அரைக்க வந்த டீச்சர், தன் போனை நீட்டினார். அண்ணாச்சி வழக்கம்போல மோட்டாரை நிறுத்தினார். டீச்சர் பேசியது முழுதும் ஓடியது: “‘உங்க தெருவுக்குத் தண்ணி தேவையில்ல’ன்னு அதிகாரி சொன்னாரு. வாங்காம விடமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“முப்பது வருசமா இங்கனதான் அரைக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி,” என்றார் டீச்சர். வத்தலை அரைக்காமலே எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதமே மகள் வீட்டோடு இருக்க மதுரைக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி மில்லைப் பூட்டிவிட்டு, வீங்கிய முழங்காலோடு வீடு வீடாக ஏறினார். “நான் அனுப்புனது வெட்டி எடுத்தது. டீச்சர் அப்படிச் சொல்லல.”

“இப்படிப் பேசச் சொல்லி உங்கள யாரு அனுப்புனா?” என்று கேட்டார்கள். ஆடியோ வந்தபோது யாரும் கேட்காத கேள்வி. மறுநாள் ‘விலைபோன வியாபாரி’ என்று அவர் படமே சுற்றியது. அவருக்கே எட்டுப் பேர் அனுப்பியிருந்தார்கள்.

என் வீட்டுக்கும் வந்தார். “நீங்களாவது நம்புதீங்களா?”

அந்த ஆடியோவை நானும் ஆறு பேருக்கு அனுப்பியிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அப்போ நீங்களும் வாரீங்களா?” என்றார்.

அந்த ஆறு வீடும் ஏறினோம். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். மற்ற நான்கில் வாசலோடு சரி.

அண்ணாச்சி இறந்து ஒரு வருஷமாகிறது. அந்த ஆறு வீடும் ஏறிவிட்டுத் திரும்பிய அன்று, முழங்கால் வலி தாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் வீடு வரும்வரை நான் மெதுவாகவே நடந்தேன்.