மியூசியத்தில் வைத்த செருப்பு

செல்வி, முருகா, இது உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது. உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் வாக்கியங்களைச் சின்னதாகவே வைக்கப் பார்க்கிறேன். (நீளமாக எழுத எனக்கும் வராது. பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன்.)

நம் வீட்டு வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் கோமதி அத்தை, "தொடாதீங்க, மியூசியம்!" என்பாள். எல்லாரும் சிரிப்போம். நீங்களும் சிரிக்கிறீர்கள். அந்த நாள் எப்படிப் போனது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. செல்வி, நீ அங்கேதான் இருந்தாய். மூன்று வயது. முருகன் பிறக்கவே இல்லை. சிரிப்பு மட்டும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அத்தைக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. என் கூடப் பிறந்த ஒரே தங்கை. எங்கள் அப்பா காலமான பிறகு திருநெல்வேலியிலிருந்து அவளைப் பூனாவுக்கு அழைத்து வந்து, சாங்வி வீட்டில் எங்களோடு வைத்துக்கொண்டேன். ஔந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். தினமும் நடந்து போய் நடந்து வருவாள். வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயின. ஊரிலிருந்து யார் போன் பேசினாலும் நலம் விசாரிக்கும் முன்பே, "கோமதிக்கு ஏதாவது அமைஞ்சுதா?" என்பார்கள். கீழ் வீட்டு போனில், அந்த வீட்டார் எல்லாரும் கேட்கும்படி, "பாத்துக்கிட்டே இருக்கோம்" என்பேன்.

அந்த நேரத்தில்தான் இந்த வரன் வந்தது. பையனுக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பையனின் அப்பா பேங்க்கில் பெரிய ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர், வானவடியில் சொந்த பிளாட். ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது. அவர் போனில் சொன்னார்: "பொண்ணை உக்கார வச்சு பஜ்ஜி சாப்பிடறதெல்லாம் ரொம்பப் பழசுங்க. புதுசா மாடர்ன் ஆர்ட் மியூசியம் தெறந்திருக்காங்களே, அங்க பாத்துக்கலாம். ரெண்டு பேரும் நாலு படத்தைப் பாத்துப் பேசட்டும்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். உங்கள் அம்மா மட்டும், "பஜ்ஜின்னா எனக்குத் தெரியும். படத்தைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்?" என்றாள்.

ஆடி மாதத்துப் பூனா மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கொட்டவும் கொட்டாது, விடவும் விடாது. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். (வேலைக்கு நேர்காணல் என்றாலும் அப்படித்தான் போவேன்.) பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்ததில் நாலு பேர் காலிலும் சேறு.

உள்ளே ஒரு பெரிய வெள்ளைக் கூடம். தரை வெள்ளை, சுவர் வெள்ளை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. நடுவில் ஒரு பீடத்தில், கண்ணாடிக்குள், துருப்பிடித்த பல்சக்கரம் ஒன்று. எங்கள் கம்பெனியில் அதை ஸ்கிராப்பில் போட்டிருப்போம். அதற்கு மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் கைகட்டி நின்று பார்க்கும் ஜனம். சன்னதி மாதிரி இருந்தது. எனக்குக் கால் கூசியது.

"செருப்பைக் கழத்துங்க" என்றேன்.

"ஏங்க, எல்லாரும் செருப்போடதான போறாவ?" என்றாள் அம்மா.

"அவ்வோ கார்ல வந்திருக்காவ. நாம சேத்துல வந்திருக்கோம். இந்தத் தரையைப் பாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வர்ற நேரத்துல நம்ம கால்தடம் கிடக்கணுமா?"

வாசலில் இருக்க வேண்டிய காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. வாசலை ஒட்டி ஒரு சுவர் காலியாக இருந்தது. எதையோ கழற்றி எடுத்த இடம் போல. ஆனால் விளக்கு மட்டும் அணைக்காமல் எரிந்தது. நல்ல வெளிச்சமான இடம், தொலையாது என்று அங்கே வைத்தேன். சும்மா வைக்கவில்லை. லேத் ஆபரேட்டர் அல்லவா! கருவிகளை அளவு வாரியாக அடுக்குகிற கை. பெரியதில் ஆரம்பித்து என்னுடையது, அம்மாவுடையது, அத்தையுடையது, கடைசியில், செல்வி, உன்னுடைய கீச்சுச் செருப்பு. எல்லாவற்றின் நுனியும் சுவரைத் தொட, ஒரே நேர்கோட்டில்.

உள்ளே போய்ச் சுற்றினோம். முழுக்க முழுக்கக் கறுப்பாக ஒரு படம். கூரையிலிருந்து தொங்கும் ஒரு சைக்கிள். அத்தை மட்டும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தாள். பச்சைப் புடவை, தலையில் பூ. "இது நல்லாருக்குண்ணே" என்று அந்தக் கறுப்புப் படத்தைக் காட்டினாள். அன்றைக்கு அவள் சிரித்த முகமாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பி வாசலுக்கு வந்தால் அங்கே ஒரு கூட்டம். எங்கள் செருப்பைச் சுற்றி.

நடுவில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவரைத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையின் அப்பா! பக்கத்தில் அவர் மனைவி, மகன். பெரியவர் பேசும்போது குறுக்கே போகக் கூடாது என்று தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இது ஒரு குடும்பம்டா. புரியுதா?" என்றார் மகனிடம். "பெருசா இருக்கறது அப்பாவோடது. குதிகால் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு பாரு. பாரம் சுமக்கறவன்."

எனக்கு மார்பு விம்மிவிட்டது. (இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. யார் செருப்பு என்பதைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.)

அவர் மனைவி குனிந்து உன் செருப்பை விரலால் அழுத்தினார். அது கீச்சென்றது.

"சவுண்டும் வச்சிருக்கான்ப்பா!" என்றான் மகன்.

அதற்குள் திரும்பி வந்த காவல்காரர் இதைப் பார்த்துவிட்டார். தான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஆபீஸ்காரர்கள் புதிதாக எதையோ கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "ஹாத் லாவு நகா!" என்று அதட்டினார். தொடாதே என்று. அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். காவல்காரர் செருப்புக்குப் பக்கத்திலேயே விறைப்பாக நின்றார்.

பெரியவர் மூன்றாவது ஜோடிக்கு வந்தார்.

"இதுதான்டா இதுல முக்கியம். வாரு அந்து சேப்டி பின் போட்டிருக்கு பாரு. இது கல்யாணமாகாதவ. அந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரு இடம் இருக்கு, இவளுக்கு இல்ல. யாரும் கவனிக்கல. மத்தவங்கள்லாம் அவங்கவங்க எடத்துக்குப் போய்ச் சேந்துட்டாங்க, இவ இன்னும் நடந்துகிட்டே இருக்கா."

"பாவம்" என்றார் அவர் மனைவி.

"பவர்ஃபுல்ப்பா" என்றான் மகன்.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். உங்கள் அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். அத்தை அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, வெறுங்காலோடு கூட்டத்துக்குள் போனாள்.

காவல்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"மாஜீ சப்பல் ஆஹே" என்றாள். என் செருப்பு என்று.

அவர் நம்பவில்லை. நான் ஓடிப் போய் எனக்குத் தெரிந்த இந்தியில், மழை, சேறு, தரை, மரியாதை என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன். ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் வந்து பார்த்து, இது மியூசியத்துடையது இல்லை என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். யாரோ சிரித்தார்கள். நீ உன் செருப்பை மாட்டிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று ஒரு சுற்று ஓடினாய். எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியவர் என்னையே பார்த்தார். "நீங்க... சாங்வி?"

"ஆமா சார்" என்றேன். செருப்பு என் கையில் இருந்தது. அதோடேயே கும்பிட்டுவிட்டேன்.

அத்தை குனிந்து, கழன்றிருந்த பின்னைச் சரியாகக் குத்தினாள். அவசரப்படவில்லை. காலை நுழைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வணக்கம் சார். இன்னும் நடந்துகிட்டே இருக்கறவ நான்தான்" என்றாள்.

பேங்க்கில் எத்தனையோ பேரை உட்கார வைத்துப் பேசிய மனிதர். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

அதற்குப் பிறகும் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்தோம். (பாதியில் எழுந்து போகிற தைரியம் இரண்டு பக்கமும் இல்லை.) பெரியவர் மழையைப் பற்றிப் பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன். பையன் தலை நிமிரவே இல்லை. அவன் பார்வை மேஜைக்கு அடியில், அத்தையின் காலில் இருந்தது. அவள் கால்களைப் பின்னுக்கு இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே கீழ் வீட்டு போனுக்குத் தகவல் வந்தது. ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், சரியாக வரவில்லையாம்.

ஆனால் அத்தை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்கண்ணே. போதும்" என்றாள். நான் டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது, "தொடாதீங்கண்ணே, மியூசியம்!" என்றாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நகைச்சுவை பிறந்தது அப்படித்தான். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் அவளைப் பெண் பார்க்க வரவில்லை. ஊர்க்காரர்கள் போனில் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் வாசலில் அத்தையின் அந்தச் செருப்பு. கம்பெனிச் சட்டைப் பையில் எப்போதும் எஃகு ஸ்கேல் இருக்கும். நூலிழை பிசகாமல் அளக்கிறவன் என்று எனக்கு அங்கே பெயர். தங்கையின் கால் என்ன அளவு என்று எனக்குத் தெரியாது.

படியில் உட்கார்ந்து அவளுடைய செருப்பை எடுத்தேன். இடது செருப்பில் சேப்டி பின் இருந்தது, அதைத் தள்ளி வைத்தேன். வலது குதிகாலில் ஸ்கேலை வைத்தேன். அங்கே விளிம்பே இல்லை, தேய்ந்து போயிருந்தது. எந்த இடத்திலிருந்து அளக்க ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை. கடைசியில், விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரலை வைத்து, அங்கிருந்து அளந்து, அந்த அளவைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். ஈரத்தில் அழியாமல் இருக்கக் கையை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.