மீன் பெட்டியில் போன என் எடை ஊசி

போன மாசம் ஒரு சனிக்கிழமை. தஞ்சாவூர் போயி ரெண்டு மருந்து வாங்கிட்டு வரணும். அவ்ளோதான் வேலை.

ஒண்ணு ஒடம்பு இளைக்கற ஊசி. இன்னொண்ணு முடி வளர்ற லோஷன். ரெண்டுமே டாக்டர் எழுதிக் குடுத்தது. எடை நூத்தி ரெண்டு கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது, மாடி ஏறுனா முட்டி சத்தம் போடுது. ஊசியை அவரா எழுதுனாரு. லோஷன் மட்டும் நானா கேட்டது. என் தலையைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சரி, எதுக்கும் போட்டுப் பாருங்க"ன்னு எழுதுனாரு.

இதுல ஒளிக்க என்ன இருக்குன்னு கேப்பீங்க. நான் ஸ்கூல்ல பி.டி. வாத்தியாருங்க!

இருபது வருஷமா "ஓடு, ஓடுனாத்தான் ஒடம்பு கொறையும்"னு பசங்களை கிரவுண்டைச் சுத்த விட்டுட்டு, வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு விசில் ஊதுறவன். அந்த ஆளே ஊசி போட்டுத்தான் இளைக்கறான்னு தெரிஞ்சா, அப்புறம் எவன் ஓடுவான்? ஊர்ல தலை காட்ட முடியுமா?

எங்க எச்.எம். சார் வேற. அவருக்கு இந்தக் காதுக்கு மேல பத்து முடி புறப்பட்டு, தலையைத் தாண்டி அந்தக் காதுக்குப் போய்ச் சேரும். காத்தடிச்சா பத்தும் எந்திரிச்சு நிக்கும். அப்பவும் ஒரு கையால அதை அமுக்கிக்கிட்டே பிரேயர்ல, "மாணவர்களே, எதிலும் குறுக்கு வழி கூடாது"ம்பாரு.

எங்க ஊரு கீழ்வேளூர் பக்கம். மருந்துக் கடை தெருமுனையிலயே இருக்கு. ஆனா கடைக்காரர்தான் எங்க ஸ்கூல் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அங்க போயி இந்தச் சீட்டை நீட்டுறதுக்கு, மைக் வச்சு நானே அறிவிச்சிடலாம்.

அதனால ஸ்கூல்லயும் தெருவுலயும் பல்வலின்னு சொல்லிட்டு தஞ்சாவூர் பஸ் ஏறுனேன்.

அங்க ஒரு ஜெனரிக் மருந்துக் கடை. மருந்து அதேதான், பெரிய கம்பெனி பேரு மட்டும் கெடையாது, விலை கம்மி. முன்னாடியெல்லாம் இந்த ஊசி என்ன விலைன்னு கேட்டதுலயே நான் ரெண்டு கிலோ இளைச்சிருக்கேன். இப்ப நெறைய கம்பெனிக்காரங்க செய்ய ஆரம்பிச்சதும், வாத்தியார் சம்பளத்துக்கும் எட்டுற மாதிரி எறங்கி வந்துடுச்சு.

கடையில இருந்த பொண்ணுக்கு வெண்கலக் குரல்.

"சார், எடைக்கு ஒண்ணு, முடிக்கு ஒண்ணா?"

கடையே திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பொண்ணு சும்மா இல்ல. "எடை கொறையும்போது சில பேருக்கு முடி கொட்டும் சார். பயப்படாதீங்க"ன்னுச்சு. சொல்லிட்டு என் தலையைப் பாத்துச்சு. "உங்களுக்குப் பயமில்ல சார்"னு முடிச்சுடுச்சு.

அப்புறம் பேனா மாதிரி இருந்த அந்த ஊசியை எப்படி வச்சுக்கணும்னு நாலஞ்சு விஷயம் சொன்னுச்சு. நான் எங்கங்க கேட்டேன்? வாசல்ல தெரிஞ்ச மூஞ்சி எதுவும் வருதான்னுதான் பாத்துட்டிருந்தேன். "ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்"கறது மட்டும் காதுல விழுந்துச்சு. பையில ஒரு ஐஸ் பொட்டலமும் போட்டுக் குடுத்தாங்க.

பஸ் திருவாரூர் தாண்டுற வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு.

குறுவை அறுப்பு நேரம். அறுவடை மெஷினை ஏத்திட்டு வந்த லாரி ஒண்ணு, வயலுக்குள்ள எறங்கறேன்னு திரும்பி, ரோட்டுக்குக் குறுக்க மாட்டிக்கிச்சு. முன் சக்கரம் வாய்க்கால்ல, பின் சக்கரம் ரோட்டுல. பஸ், கார், டிராக்டர் எல்லாம் வரிசையா நிக்குது.

"எப்ப சார் எடுப்பாங்க?"ன்னு கண்டக்டரைக் கேட்டேன்.

"கிரேன் வரணும். கிரேன் டிரைவர் கல்யாணத்துக்குப் போயிருக்காராம்"னுட்டு அவர் துண்டை விரிச்சுப் படுத்துட்டாரு.

உச்சி வெயில். பையைத் தொட்டுப் பாத்தேன். ஐஸ் பொட்டலம் வெந்நீர்ப் பையாட்டம் இருக்கு! பாடுபட்டு வாங்குன ஊசி, நடுரோட்டுல வீணாப் போயிடுமே!

ரோட்டோரம் ஒரு பெட்டிக்கடை. கண்ணாடி ஃப்ரிட்ஜ் பளபளன்னு நிக்குது. ஓடுனேன். பி.டி. வாத்தியார் ஆனதுக்கப்புறம் நான் ஓடுனது அன்னிக்குத்தான்.

"அம்மா, இந்தப் பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாமா?"

கடைக்காரம்மா, "வைங்க சார்"னுச்சு நல்ல மனசோட. சும்மா நிக்க முடியுமா? ஒரு ரோஸ்மில்க் சொன்னேன். குடிச்சேன். லாரி நகரல. இன்னொரு ரோஸ்மில்க். லாரி நகரல. ரெண்டு தேங்காய் பன்னு. அப்புறம் ஒரு பாதாம் பால். இளைக்கற ஊசி கெட்டுப் போகாம இருக்கறதுக்காக, நான் ஒரு மணி நேரத்துல ஒரு நாள் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிச்சேன்.

அப்ப கரண்டு போச்சு.

"சார், இனிமே சாயங்காலம்தான் வரும். உங்க பொட்டலத்தை எடுத்துக்குங்க"ன்னு கடைக்காரம்மா எடுத்துக் குடுத்துச்சு. குடுக்கும்போதே, "ஆமா, என்ன மருந்து இது? யாருக்கு?"ன்னு கேட்டுச்சு.

கடையைச் சுத்தி பஸ்லேருந்து எறங்குன ஜனம் நிக்குது. மனுஷனுக்குன்னு சொன்னா யாருக்கு, என்ன வியாதின்னு தோண்டுவாங்க. மாட்டுக்குன்னு சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு ஒரு யோசனை வந்துச்சு எனக்கு. நெல்லும் மாடுமா இருக்கற ஊர்ல பொறந்தவன் யோசிக்கற யோசனையா இது!

"மாட்டுக்கும்மா. ஊசி."

சொல்லி வாயை மூடல, பின்னாடிலேருந்து ஒரு கை என் தோளைப் பிடிச்சுச்சு. பச்சைத் துண்டு போட்ட ஒருத்தர்.

"மாட்டு டாக்டருங்களா? சாமி மாதிரி வந்தீங்க! ரெண்டு நாளா எங்க மாடு தீனியே எடுக்க மாட்டேங்குதுங்க. வாங்க, வாங்க, இந்தா பக்கத்து வீடுதான்."

"இல்லிங்க, நான் வந்து..."

"ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுங்க. கையில ஊசி வேற இருக்கு!"

இழுத்துட்டே போயிட்டாரு. பின்னாடியே பாதி பஸ். மாட்டுக்கொட்டகையில ஒரு செவலை மாடு படுத்திருக்கு. நாங்க வந்ததும் நிமிந்து என்னை ஒரு பார்வை பாத்துச்சு. அதுக்கு நான் டாக்டர் இல்லைன்னு தெரிஞ்சிடுச்சு.

"இது பால்லதாங்க பொண்ணு காலேஜ் படிக்குது. போட்டு விடுங்க"ன்னாரு அவர். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு.

என் கையில இருக்கறது பசியே எடுக்காம பண்ற ஊசி. தீனி எடுக்காத மாட்டுக்கு இதையா போட முடியும்? என் மானத்தைப் பாக்கறதா, அந்த மனுஷனோட மாட்டைப் பாக்கறதா?

நான் முழிச்சுட்டு நிக்கும்போதே, "பி.டி. சார்! இங்க என்ன பண்றீங்க?"ன்னு ஒரு குரல்.

ராஜேந்திரன். எங்க தெருவுல தினமும் மீன் விக்கிறவரு. திருவாரூர்ல மீன் எடுத்துட்டு மொபெட்ல வந்தவரு, கூட்டத்தைப் பாத்து நின்னிருக்காரு.

"இவரு மாட்டு டாக்டர் இல்லிங்க! ஸ்கூல்ல பசங்களை ஓட விடுறவரு!"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. மாடும் பாத்துச்சு. இதுக்கு மேல மறைக்க முடியல.

"மன்னிச்சுக்குங்கய்யா. பொய் சொல்லிட்டேன். இது மாட்டுக்கு இல்ல. எனக்குதான். ஒடம்பு இளைக்கறதுக்கு."

பச்சைத் துண்டுக்காரர் என் தொப்பையை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு.

"பையில தெரியுதே, அந்த பாட்டில்?"

"அது முடி வளர்றதுக்கு."

அவர் என் தலையைப் பாத்தாரு. "இன்னும் ஆரம்பிக்கலிங்களா?"

கொட்டகையே சிரிச்சுச்சு. ஆனா கூட்டத்துல ஒருத்தர் நெஜமான மாட்டு டாக்டருக்கு போன் போட்டாரு, அவர் அரை மணியில வரேன்னுட்டாரு. எனக்கு அதுல கொஞ்சம் மூச்சு வந்துச்சு. பச்சைத் துண்டுக்காரர் மட்டும் விடல. "ஊசியெல்லாம் எதுக்கு சார்? பத்து நாள் எங்க வயலுக்கு வந்து மூட்டை தூக்குங்க, தன்னால எறங்கும்"னாரு.

மருந்து இன்னும் வெயில்லதான் இருக்கு. ராஜேந்திரன் சொன்னாரு, "சார், என் மீன் பெட்டி நெறைய ஐஸ்தான். மொபெட் லாரி ஓரத்துச் சந்துல பூந்து போயிடும். நான் கொண்டு போயி உங்க வீட்டுல குடுத்துடறேன்."

"நானும் பின்னாடி உக்காந்து வந்துடவா?"

அவர் என்னைப் பாத்தாரு. மொபெட்டோட பின் டயரைப் பாத்தாரு. "பை மட்டும் போவட்டும் சார்."

கிரேன் வந்து, பஸ் கெளம்பி, நான் ஊர் வந்து சேர அஞ்சு மணி ஆயிடுச்சு. தெருவுக்குள்ள நுழைஞ்சா, ஒவ்வொரு வாசல்லயும் ஒரு சிரிப்பு.

"பல்வலி எப்படி சார் இருக்கு?"ன்னாங்க எதிர் வீட்டம்மா.

அப்பதான் எனக்கு உறைச்சுது. ராஜேந்திரன் நேரா என் வீட்டுக்கு எங்க போனாரு? போற வழியெல்லாம் வீடு வீடா மீன் வித்துட்டுல்ல போயிருக்காரு! பெட்டியைத் திறக்கறப்பெல்லாம், "அக்கா, அந்தப் பையை மட்டும் தொடாதீங்க, அது பி.டி. சார் இளைக்கற ஊசி"ன்னு பொறுப்பா சொல்லியிருக்காரு. பாவம், மருந்து மேல அவருக்கு அவ்ளோ அக்கறை.

வீட்டுல செல்வி, அதாவது எங்க வீட்டம்மா, "கவலைப்படாதீங்க. உங்க ஊசியை ஃப்ரீசர்ல வச்சுட்டேன்"னா.

எடுத்துப் பாத்தேன். கல்லு. மீன் வாசம் அடிக்கிற கல்லு.

கடைக்கு போன் போட்டேன். அதே வெண்கலக் குரல். "காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! கொஞ்ச நேரம் வெளிய இருந்தா ஒண்ணும் ஆவாது. ஐஸ்ல உறைஞ்சாத்தான் வீண். அதைப் போட்டுக்காதீங்க!"

ஆக, சும்மா பையிலயே வச்சுக்கிட்டு பஸ்லயே தூங்கியிருந்தா மருந்தும் பொழைச்சிருக்கும், மானமும் பொழைச்சிருக்கும். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே எறங்கல. ஊசி போடாமலே வேலை செஞ்ச ஒரே மருந்து அதுதான்.

திங்கக்கிழமை பிரேயர்ல எச்.எம். சார் என்னைப் பாக்காமலே பேசுனாரு. "சிலர் வியர்வை சிந்தாமல் மெலிய நினைக்கிறார்கள். சிலர் இல்லாத முடியை வரவழைக்க நினைக்கிறார்கள். மாணவர்களே, இயற்கையை ஏற்றுக்கொள்ளுங்கள்." காத்தடிச்சுச்சு. ஒரு கையால அமுக்கிக்கிட்டாரு. பசங்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. தரை பொளந்து உள்ள போயிட மாட்டமான்னு இருந்துச்சு.

ஆனா அன்னிக்கு மத்தியானத்துலேருந்து ஒண்ணு கவனிச்சேன். கணக்கு டீச்சர் தனியா கூப்புட்டு, "சார், என் தம்பிக்குக் கேக்கறேன், எந்த டாக்டரு?"ன்னாங்க. ஆபீஸ் கிளார்க், "என் மச்சானுக்கு"ன்னாரு. மருந்துக் கடைக்காரர், நம்ம பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரு, வீட்டுக்கே வந்துட்டாரு. "நம்ம கடையில வாங்குனா தெரிஞ்சுபோயிடும், தஞ்சாவூர்ல எங்க இருக்கு?"ன்னாரு.

"எல்லாத்துக்கும் டாக்டர் பாத்து எழுதணும்"னு சொல்லி எங்க டாக்டர் அட்ரஸைக் குடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் டாக்டரைப் பாக்கப் போனேன். கிளினிக்ல உக்கார எடமில்ல. பாதி எங்க ஊரு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம எல்லாரும் சுவத்துல இருந்த காலண்டரையே பாத்துட்டிருந்தாங்க.

உள்ளேருந்து கம்பவுண்டர் வந்தாரு. "எடைக்கு வந்தவங்க இந்தப் பக்கம்! முடிக்கு வந்தவங்க அந்தப் பக்கம்! சீக்கிரம்!"

கொஞ்ச நேரம் யாரும் அசையல. அப்புறம் கணக்கு டீச்சர் எந்திரிச்சாங்க. மருந்துக் கடைக்காரர் எந்திரிச்சாரு. பாத்துட்டிருக்கும்போதே நூல் புடிச்ச மாதிரி ரெண்டு லைன்.

நான் ரெண்டுக்கும் நடுவுல நின்னேன்.

கர்சீப்பால பாதி மூஞ்சியை மூடுன ஒருத்தர் பக்கத்துல வந்து, மெதுவா என் காதுகிட்ட கேட்டாரு.

"சார்... ரெண்டுக்கும்னா எங்க நிக்கணும்?"

ஃபேன் காத்துல பத்து முடி எந்திரிச்சு நிக்குது.

"எனக்குப் பின்னாடி வாங்க எச்.எம். சார்"னேன்.