யாரையாவது சாகடிங்க, சார்

"கதை எங்க சார் போகுது?" என்று ராகினி கேட்டபோது தனபாலன் வாயில் பாதிக் கறிபாப் இருந்தது. அதனால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் முடிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ராகினி தொலைக்காட்சி நிலையத்தில் தொடர் பிரிவு அதிகாரி. வேலை கோலாலம்பூரில், தாய்வீடு மலாக்காவில். சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்தவள், தனபாலனை ஆயர் குரோவில் ஒரு கடைக்கு வரச் சொன்னாள். நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரேக், வாங்கிக் கொடுத்தாள். பையிலிருந்து, மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் அடுக்கிய, ஊதா மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்து, "சாப்பிடுங்க சார், வீட்ல செஞ்சது" என்று நீட்டினாள். அவர் கடித்த பிறகுதான் கேள்வியை எடுத்தாள்.

"'பதினேழு வயது மின்னல்' மூணு மாசமா ஓடுது. இதுவரைக்கும் என்ன நடந்திருக்கு?"

"பரீட்சை நெருங்குது."

"முதல் வாரமே நெருங்குச்சு. இன்னும் வந்து சேரல."

"கவிநேசன் கோகுலராஜை முறைச்சான்."

"ஆமா. கோகுலராஜ் திரும்பி முறைக்கிறதுக்கு அடுத்த வாரம் ஆயிடுச்சு. நடுவுல முதல்வர் மைக்கைப் பிடிச்சிட்டாரு."

தனபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடரில் பள்ளி முதல்வராக வருபவர் அவர்தான். எழுதுபவர், இயக்குபவர், தயாரிப்பவர் எல்லாமும் அவர்தான். ஆனால் அதையெல்லாம் தொடரின் முடிவில், யாரும் படிக்க முடியாத வேகத்தில் ஓடும் எழுத்தில்தான் போட்டிருந்தார். 'பள்ளி முதல்வர்: தனபாலன்' என்பது மட்டும் ஆரம்பத்திலேயே, தங்க நிறத்தில், சங்கொலியோடு வரும்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் ஓர் இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் திங்கட்கிழமை சபைக்கூடலுக்கு மைக்கைச் சரிபார்த்தது அவர்தான். "ஹலோ, ஹலோ, சத்து, டுவா, தீகா" என்று மலாயில் மூன்றுவரை எண்ணுவதோடு அவருடைய உரை முடிந்துவிடும். பிறகு முதல்வர் வந்து மைக்கை வாங்கிக்கொள்வார். ஐந்து முதல்வர்கள் வந்து போனார்கள். ஐந்து பேருமே சுமாராகத்தான் பேசினார்கள் என்பது தனபாலனின் உறுதியான கருத்து. ஓய்வு பெற்ற கையோடு பதின்ம வயதினருக்கான தொடர் ஒன்றை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வாரமும் அதில் ஒரு சபைக்கூடல் உண்டு. தொடரில் பாதி நேரம் அதற்கே போய்விடும். மிச்சப் பாதியில் மாணவர்கள் அந்த உரையை நினைத்துப் பார்ப்பார்கள்.

"மாசக் கடைசிக்குள்ள ஏதாவது நடக்கணும்" என்றாள் ராகினி. "திரும்பி வர முடியாத மாதிரி நடக்கணும். ஒருத்தர் மாட்டணும், இல்ல ஓடணும், இல்ல போய்ச் சேரணும். யாரையாவது சாகடிங்க, சார். இல்லன்னா தொடரையே நிறுத்த வேண்டியதுதான்."

"கவலைய விடும்மா" என்றார் தனபாலன், அடுத்த கறிபாப்பை எடுத்துக்கொண்டே. "கதைன்னு இறங்கிட்டா என்னைப் பிடிக்க முடியாது."

இதுவரை யாரும் பிடிக்க முயன்றதில்லை என்பதால் அதை மறுக்க வழியில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல வீட்டில் ஒத்திகை. தனபாலன் முதல்வர் கோட்டோடு சோபாவின் முன் நின்றார். ஆயிரம் மாணவர்களுக்குப் பதிலாக அவருடைய மனைவி அன்னம்மா கையில் கரண்டியோடு நின்றாள். சபைக்கூடலில் யாரும் உட்காரக் கூடாது என்பது அவர் போட்ட விதி.

"மாணவச் செல்வங்களே! நேரம் என்பது..."

சமையலறையில் விசில் அடித்தது.

"யாரது பின்வரிசையில்?"

"குக்கருங்க."

"ஒழுங்கு வேண்டும்! நேரம் என்பது..."

"நேரம் ஆச்சுன்னுதாங்க அதுவும் சொல்லுது. அடுப்ப அணைச்சிட்டு வந்துடவா?"

"உரை முடியட்டும்" என்றார் முதல்வர். உரை முடிந்தபோது பருப்பும் முடிந்திருந்தது. மூன்று மாதமாக அந்த வீட்டில் பருப்புக்கு ஒரே நிறம்தான்.

மறுநாள் காலை தனபாலன் மெர்லிமாவுக்குப் போனார். தொடரில் நடிக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக அவர்களுடைய குடும்பங்கள்தான் தொடருக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தன. ஆக, யாரைத் தொட வேண்டுமென்றாலும் முதலில் வீட்டில் போய்க் கேட்க வேண்டும். வில்லனாக நடிக்கும் கவிநேசனின் அப்பா தேவன், விளக்கும் கேமராவும் ஏற்றிப்போக லோரி கொடுப்பவர்.

"வாங்க சார், பசியாறிட்டீங்களா?" என்று தேவன் ஊதா மூடி டப்பாவைத் திறந்து நகர்த்தினார். கறிபாப். எங்கோ சாப்பிட்ட ருசி.

"கவிநேசன் ஆபீஸுக்குள்ள புகுந்து பரீட்சைத் தாளைத் திருடுறான். மாட்டிக்கிறான். பள்ளிக்கூடத்த விட்டே தூக்கிடுறோம். நடிப்புக்கு நல்ல தீனி."

"நாடகம்னு நமக்குத் தெரியும் சார். கோயில் கமிட்டிக்குத் தெரியுமா? நான் பொருளாளர் லா! மகன் தாள எடுத்தா அப்பன் எத எடுத்தான்னு கேக்க மாட்டானுங்களா?" தேவன் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பவர்போல மூச்சு விடாமல் பேசினார். "கேட்டதுதான் கேட்டீங்க, இனிமே அவன் யாரையும் முறைக்கக்கூட வேணாம். மாணவர் தலைவனா ஆக்கிடுங்க. இல்லன்னா லோரி வராது."

போகும்போது தொடரில் ஒரு வில்லன் இருந்தான். வரும்போது இல்லை.

தனபாலன் தளரவில்லை. வில்லன் போனால் விபத்து. நேரே டுரியான் துங்காலில் நல்லமுத்துவின் சாப்பாட்டுக் கடைக்கு வண்டியை விட்டார். கதாநாயகன் கோகுலராஜ் அவர் மகன். படப்பிடிப்பு நாளில் எல்லாருக்கும் சோறு இந்தக் கடையிலிருந்துதான்.

"கோகுல் மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுறான். கோமா" என்றார் தனபாலன்.

நல்லமுத்து கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "கோமாவா? கொஞ்சம் வெளிய வந்து பாருங்க சார்."

கடை வாசலில் ஆளுயரப் பலகையில் கோகுலராஜ் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மூக்குல குழாய் சொருகிக் கெடக்குற பையனோட கடையில எவன் சார் உக்காந்து மீன் கறி சாப்பிடுவான்? பார்சல்கூட போகாது. அது இருக்கட்டும், மெர்லிமாவ் பையன மாணவர் தலைவனா போட்டுட்டீங்களாமே?"

"அதுக்குள்ள யாரு சொன்னா?"

"காத்துவாக்குல வந்துச்சு. அப்ப என் மகன் தலைமை மாணவர் தலைவன். சரிதானே? இந்தாங்க, ஒன்னு சாப்பிடுங்க." கல்லாவின் அடியிலிருந்து ஊதா மூடி டப்பா வந்தது.

தனபாலன் சாப்பிட்டார். மலாக்கா மாநிலம் முழுக்க இந்த ஆண்டு கறிபாப் அமோகம் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். வீட்டுச் சமையலறைக்குள் அவர் போனதே இல்லை. அங்கே என்ன நிறத்தில் என்ன மூடி இருக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

கடைசி நம்பிக்கை தஞ்சோங் கிளிங். கதாநாயகி தாரணியின் அம்மா ஜெயமணி, கடலைப் பார்த்த தன் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுத்திருந்தாள். தனபாலன் இந்த முறை கறிபாப்பை முதலிலேயே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு கதையைச் சொன்னார்.

"தாரணி வீட்ட விட்டு ஓடிப்போறா."

"எங்க வீட்ட விட்டா?"

"நாடக வீட்ட விட்டு."

"ரெண்டும் ஒரே வீடுதானே சார்! கேட்டு வரைக்கும்கூட அவள நான் தனியா விடுறதில்ல, நீங்க ஓட விடுறீங்க. நாளைக்குச் சொந்தக்காரங்க போன் போட்டு, ஓடுன பிள்ள திரும்பி வந்துடுச்சான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? அதெல்லாம் வேணாம். அந்த ரெண்டு பையன்களும் அவளுக்கு அண்ணனா இருக்கட்டும்."

"யாராவது ஒருத்தனாவது..."

"ரெண்டு பேரும்."

ஆக, ஒரே நாளில் 'பதினேழு வயது மின்னல்' தொடரில் வில்லன் திருந்தினான், கதாநாயகன் பதவி உயர்வு பெற்றான், காதல் உடன்பிறப்புப் பாசமானது. ஐந்தாம் படிவத்தில் ஒழுக்கத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடக்காத அதிசயம்தான். ஆனால் அதை யார் உட்கார்ந்து பார்ப்பது?

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். அன்னம்மா அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரையும் தொட முடியல அன்னம். தொட்டா அப்பன் வர்றான், இல்லன்னா ஆத்தா வர்றா."

"பாவந்தாங்க" என்றாள் அவள், காலரைத் திருப்பிக்கொண்டே. "கேக்குறதுக்கு அப்பா அம்மா இல்லாத ஆளு அந்த நாடகத்துல ஒருத்தரும் இல்லீங்களா?"

தனபாலன் யோசித்தார். மாணவர்கள், பெற்றோர்கள், ஒரு காவலாளி. அந்தக் காவலாளியும் தேவனின் மைத்துனன். பிறகு அவர் பார்வை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடந்த கோட்டின் மேல் விழுந்தது.

"முதல்வரா?" குரல் உள்ளே போய்விட்டது.

"நான் ஒன்னும் சொல்லலீங்க."

அன்றைக்கு ஒத்திகை நடக்கவில்லை. பருப்பு மஞ்சள் நிறமாக இருந்தது.

இரண்டு நாள் தனபாலன் சோற்றைப் பிசைந்து கொண்டே உட்கார்ந்திருந்தார். முதல்வர் இல்லாத தொடர் அவருக்கு எதற்கு? தொடரே இல்லாவிட்டால் முதல்வர்தான் ஏது? பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆப்பம் சுடுகிற பெண்கூட இப்போதெல்லாம் "முதல்வர் சார், சீனி போடவா?" என்றுதான் கேட்கிறாள். தொடர் நின்றால் அவர் மறுபடியும் கிராணி. செத்தால் மறைந்த முதல்வர். கிராணியைவிட மறைந்த முதல்வர் பெரிய பதவிதான் என்று முடிவுக்கு வந்தார்.

இருந்தாலும் ஒரு கடைசி நம்பிக்கை அவருக்கு இருந்தது. தொடரில் முதல்வரின் படத்துக்கு மாலை போட வேண்டும். குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிற புருஷன் படத்துக்கு மாலை போட எந்தப் பெண்டாட்டி சம்மதிப்பாள்? அன்னம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அவளுடைய கண்ணீருக்காகக் கதையை மாற்றினேன் என்று ராகினியிடம் கம்பீரமாகச் சொல்லிவிடலாம்.

"அன்னம், மனச திடப்படுத்திக்கோ. முதல்வர் சாகுறாரு. என் படத்துக்கு மாலை போடணும்."

அன்னம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர்கூட இருந்தது. "எந்தப் படங்க? மாமா வீட்டுக் கல்யாணத்துல எடுத்தீங்களே, அது எடுப்பா இருக்கும். பிரேம் போட்டு வச்சிருக்கேன்."

"பிரேம் போட்டா? எப்ப?"

"எப்பவோ. தோஷம் கீஷம் வராம கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டா ஆச்சு."

அவளுடைய தைரியத்தைப் பார்த்து அவருக்கே பெருமையாகத்தான் இருந்தது.

சபைக்கூடலில் மாரடைப்பு. சாகுமுன் பேசுவதற்கு நல்லதாக, நீளமாக ஓர் உரை தயார் செய்தார். ராகினி போனில் கேட்டுவிட்டு, "உரை வேணாம் சார். மைக்கைத் தட்டினதும் விழுந்துடுங்க" என்றாள்.

ஆகவே முதல்வர் கடைசி முறையாக மேடை ஏறினார். எதிரே மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். மைக்கைத் தட்டினார்.

"ஹலோ, ஹலோ. சத்து, டுவா..."

விழுந்தார். தீகாவைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை.

மாணவர்கள் கைதட்டினார்கள். அந்தக் காட்சியை மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கைதட்டல் இல்லை, சிரிப்பு இருந்தது. கடைசியில் நல்லமுத்து கடையிலிருந்து வெங்காயம் வந்த பிறகுதான் பள்ளிக்கூடம் துக்கம் அனுஷ்டித்தது.

அந்த வாரம் தொடர் பிய்த்துக்கொண்டு போனது. வாட்ஸ்அப்பில் அவர் விழுகிற காட்சி ஊர் ஊராகச் சுற்றியது. சிலர் அதைத் திரும்பத் திரும்ப விழுகிற மாதிரியும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ராகினி கூப்பிட்டாள். "ஜோர் சார்! இன்னொரு வருஷத்துக்கு எழுதுங்க. ஆனா முதல்வர் ஆவியா வர்றது, கனவுல வர்றது, இரட்டைப் பிறவித் தம்பி வர்றது, ஒன்னும் கூடாது."

அதைவிட ஆச்சரியம் அடுத்து நடந்தது. தேவன் தானாகவே கூப்பிட்டார். "கவிநேசன் தாளு திருடட்டும் சார். பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வச்சாலும் பரவால்ல." கோமாவுக்கு நல்லமுத்து தலையசைத்தார், ஆனால் குழாய் மட்டும் மூக்கை மறைக்கக் கூடாது. தாரணி எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும், இருட்டுவதற்குள் திரும்பினால் போதும் என்று ஜெயமணியும் சொல்லிவிட்டாள்.

"பாத்தியா அன்னம்?" தனபாலன் சட்டையை மாட்டிக்கொண்டே முழங்கினார். "ஒரு சாவு! ஒரே ஒரு நல்ல நடிப்பு! கல்லு மாதிரி இருந்தவங்கள எல்லாம் எப்படிக் கரைச்சிருச்சு பாரு. மூணு வீட்டுக்கும் நேர்ல போய்க் கதைய சொல்லிட்டு வந்துடுறேன்."

அன்னம்மா வரவேற்பறையில்தான் இருந்தாள். சோபாவில் உட்கார்ந்து, காலை நீட்டி, தே ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"போறதுதான் போறீங்க, அந்த மூணு வீட்டுலயும் என்னோட ஊதா மூடி டப்பா இருக்கு, மறக்காம வாங்கிட்டு வந்துடுங்க, ராகினிகிட்ட இருக்கிறத மட்டும் அவளே வச்சிக்கட்டும், பாவம், இதுக்காக ரொம்ப அலைஞ்ச பிள்ள."