சுமத்ரா அண்ணனின் ஒழுகும் குளியலறை

பூமியின் மேல் நடக்கும் அத்தனை தப்புக்கும் பூமியையே குற்றவாளியாக்கிய ஒரே மனிதர், பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் மேல்வீட்டுக்காரர்தான். லிப்ட் நின்றாலும், சுவர் விரிந்தாலும், மீன்குழம்பு கொட்டினாலும், "சுமத்ரால என்னமோ ஆடுது லா" என்பார். எல்லாருக்கும் அவர் சுமத்ரா அண்ணே.

அவருடைய குளியலறை எங்கள் சமையலறைக்குள் ஒழுகியது. அங்கேதான் அம்மா தீபாவளி ஆர்டருக்கு முறுக்கு சுடுவார். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் முகம் வெந்துவிடும். நேரே மேலே போனேன்.

"பைப்ப மாத்துங்கண்ணே."

"நான் என்ன செய்யறது தங்கச்சி? பூமிக்கடியில பிளேட்டு நகருது, பைப்பு ஒடையுது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். படித்ததும் புவியியல். எனக்கே காது குத்துகிறார்!

"பிளேட்டு முட்டிக்கிறது சுமத்ராவுக்கு அந்தப் பக்கம், கடலுக்கடியில. ஒண்ணு இன்னொண்ணுக்குக் கீழ நுழையுது. அதனாலதான் அங்க அத்தனை மலை, எரிமலை. நாம இருக்கிறது பிளேட்டுக்கு உள்பக்கம். நகம் வளர்ற வேகத்துலதான் நகரும், அதுவும் நீங்க, நான், பைப்பு எல்லாம் ஒண்ணா. பஸ் ஓடுனா மடியில இருக்கிற பானை ஒடையுமா?"

"ரோடு மோசமா இருந்தா ஒடையும்."

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கீழே வந்து சொன்னால் அம்மா சொல்கிறார்: "மேல்வீட்டுத் தம்பி சொல்றதும் சரியாத்தான் இருக்கும்." அவருக்குப் பின்னால் சுவரில் என் பட்டம் தொங்குகிறது! அம்மாவோ ஒழுகும் இடத்தில் ஒரு குடையைத் தலைகீழாகக் கட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு முறுக்கைத் தொடர்ந்தார்.

ஒருநாள் காலை விளக்குகள் ஊஞ்சலாடின. இந்த முறை நிஜமாகவே சுமத்ரா. மொத்தக் கட்டடமும் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடியது. அங்கே வந்த பிறகுதான் அம்மா அலறினார்: "ஐயோ, அடுப்ப அணைக்கலியே!"

நான் திரும்புவதற்குள் சுமத்ரா அண்ணே படியேறிவிட்டார். இந்தக் கட்டடம் என்றைக்காவது விழும் என்று மனதார நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால்வரை சொட்டியது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியவர் குடையில் மோதியிருக்கிறார்.

"என்னண்ணே, சுமத்ராவா?" என்றேன்.

முகத்தைத் துடைத்தார். "இல்ல தங்கச்சி. இது எங்க வீட்டுத் தண்ணி."

மறுநாளே குழாய் மாற்ற ஆள் வந்தார். மன்னிப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை!

இப்போது அவர் சிம்பாங் அம்பாட் என்ற ஊரில், மாடியே இல்லாத தரைவீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டு விளக்கு லேசாக ஆடினாலும், அம்மாவைக் கீழே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறேன்.